மண் காயும் வரை

ஒரு பொருளின் விலையைக் கேட்பவர் பலர். அப்பொருள் உருவாக எத்துணைக் காலம் ஆயிற்று என்று கேட்பவர் சிலரே. பணம் கொடுத்த மறுகணமே பொருளைப் பெற்றுத் திரும்பும் இக்காலத்தில், அதன் பின்னே நிற்கும் உழைப்பும் பொறுமையும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. அவற்றைக் காண விரும்புவோர் கும்பகோணத்தை அடுத்த சுவாமிமலைக்குச் செல்லுதல் வேண்டும்.

காவிரி பாயும் அவ்வூரில் வெண்கலப் படிமம் வார்க்கும் சிற்பியர் வாழ்கின்றனர். அவர்களை ஸ்தபதிகள் என்பது வழக்கு. படிமம் வேண்டுவோர் நேரில் வருவதும் உண்டு. தொலைவில் உள்ளோர் செல்பேசியில் படம் அனுப்புவதும் உண்டு. "ஆடவல்லான் திருவுருவம் ஓரடி உயரத்தில் வேண்டும், ஐயா. எத்தனை நாளில் கிடைக்கும்?" என்று ஒருவர் வினவினால், "முதலில் மண் காய வேண்டுமே!" என்று ஸ்தபதி புன்னகை புரிவார். வினவியவர்க்கு அது விடையாகவே தோன்றாது. ஆயினும், அத்தொழிலின் அறிவெல்லாம் அச்சொல்லில் அடங்கியிருக்கிறது.

ஸ்தபதி தென்னை ஓலை நறுக்கு ஒன்றைப் படிமத்தின் உயரத்திற்கு வெட்டிக்கொள்கிறார். சிற்ப நூல் வகுத்த முறைப்படி அதனை மடித்து, முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு என்று அளவு குறிக்கிறார். பின்னர்த் தேன்மெழுகும் குங்கிலியமும் சிறிது எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகால் உருவம் செய்கிறார். கையும் காலும் தனித்தனியே உருப்பெற்று உடலோடு ஒட்டப்படுகின்றன. வெப்பத்தால் மெழுகு இளகாதவாறு அவ்வப்போது அதனை நீரில் இட்டு இறுகச் செய்கிறார்.

அடுத்து, காவிரியின் வண்டல் மண் மெழுகின்மேல் பூசப்படுகிறது. மாவு போன்ற அம்மண் விரல் நகத்தின் கோட்டையும் விடாமல் பதித்துக்கொள்ளும். அதன்மேல் வயல் மண்ணும் மணலும் கலந்த பூச்சுகள் வருகின்றன. ஒரு பூச்சு நிழலில் நன்கு காய்ந்த பின்னரே அடுத்ததைப் பூசுதல் முறை. அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் மெழுகு இளகும், மண்ணும் வெடிக்கும்.

காய்ந்த அச்சைச் சூடேற்றியதும் மெழுகு உருகி வெளியேறுகிறது. அது இருந்த இடம் வெற்றிடமாகிறது. அவ்விடத்தை நிரப்ப எவ்வளவு உலோகம் வேண்டும் என்பதை மெழுகின் எடையைக் கொண்டே கணக்கிடுவர். மெழுகைவிட வெண்கலம் ஏறத்தாழ 9 மடங்கு கனமானது.

இனி வருவதே சோதனை. செம்பு உருகுவதற்கு ஏறத்தாழ 1,085 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அச்சில் ஈரம் எஞ்சியிருந்தால் அது நீராவியாகிச் சீறும். கொதிக்கும் உலோகம் தெறித்து ஊற்றுபவரைச் சுடும். உலோகம் இடையறாது பாயவில்லையென்றால் கையோ காலோ குறைபட்டு நிற்கும். பல நாள் உழைப்பின் பயன் சில நிமிடங்களில் முடிவாகிறது. அம்முடிவும் உடனே தெரிவதில்லை. அச்சு ஆறிய பின், அதனை உடைத்தே காண வேண்டும்.

தொழில் பயிலும் இளைஞனுக்கு இதுவே கடினமான பாடம். அவன் தானே பூசிய அச்சை ஆவலோடு உடைக்கிறான். உள்ளே திருவாசியில் ஒரு பகுதி இல்லை. சிறு குறையை ஒட்டவைத்துச் சீர்செய்யலாம். பெருங்குறையைச் சீர்செய்ய இயலாது. மெழுகு உருகிப்போயிற்று, அச்சும் உடைந்துபோயிற்று. உலோகத்தை மீண்டும் உருக்கி, ஓலை நறுக்கிலிருந்து தொடங்குவது ஒன்றே வழி. வெட்கித் தலைகுனிந்து நிற்கும் அவனை முதியவர் கடிந்துகொள்வதில்லை. ஒரு பிடி மெழுகை எடுத்து அவன் கையில் தருகிறார்.

குறையின்றி வார்க்கப்பட்ட படிமத்திற்கும் வேலை முடிந்துவிடுவதில்லை. உளியும் அரமும் கொண்டு முகத்தையும் அணிகலன்களையும் செதுக்கித் தீர்ப்பதற்கே நெடுநாள் செல்லும். இவ்வாறு, ஓரடிப் படிமம் முடியச் சில வாரங்களும், பேருருவம் முடியப் பல மாதங்களும் ஆகின்றன. மின்னால் இயங்கும் கருவிகள் இன்று சில பட்டறைகளில் மெருகிடும் வேலையைக் குறைத்துள்ளன. ஆயினும், நிழலில் காயும் மண்ணை அவை விரைவுபடுத்துவதில்லை.

மெழுகு கொண்டு வார்க்கும் இக்கலை மிகப் பழமையானது. மொகஞ்சதாரோவில் 1926ஆம் ஆண்டு கிடைத்த நடனமாதின் சிறு வெண்கல உருவமும் இம்முறையில் வார்க்கப்பட்டதே. அதனைச் செய்தவர் பெயரை எவரும் அறியார். அவரும் மண் காயும் வரை காத்திருந்தார் என்பது மட்டும் உறுதி.