மணிக்கு, அன்று, ஆண்டில்

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலச் செய்திகளைத் தமிழாக்கி வருபவன் நான். இப்பணியில் என்னை மிகவும் விழிப்போடு இருக்கச் செய்தவை கடினமான கலைச்சொற்கள் அல்ல. காலத்தைக் குறிக்கும் சின்னஞ்சிறு சொற்களே.

'அட்', 'ஒன்', 'இன்' ஆகிய மூன்றையும் எங்கே இடுவது என்று ஆசிரியபீடத்துக்குப் பயிற்சிக்கு வரும் இளைஞர்கள் திகைப்பதுண்டு. தாய்மொழியைக் கவனியுங்கள் என்பேன் அவர்களிடம். 'ஐந்து மணிக்கு' என்கிறோம், 'வெள்ளிக்கிழமையன்று' என்கிறோம், 'மே மாதத்தில்', '1981 இல்' என்கிறோம். மணிக்கு 'அட்', நாளுக்கு 'ஒன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்'. தமிழிலும் வழிகள் மூன்றே. 'சின்ஸ்', 'போர்' என்பனவும் இவ்வாறே. தொடங்கிய புள்ளியைச் சொன்னால் 'சின்ஸ்': '1983 இலிருந்து'. கழிந்த கால அளவைச் சொன்னால் 'போர்': 'பத்து ஆண்டுகளாக'.

தமிழ் நமக்குக் கைகொடுக்காத இடம் வினைச்சொல். 'பத்து ஆண்டுகளாக இங்கு வேலை செய்கிறேன்' என்பது தமிழில் நிகழ்காலம். அதனை அப்படியே பெயர்த்து 'ஐ ஆம் வேர்க்கிங்' என்று எழுதினால் பிழை. முன்பு தொடங்கி இன்றும் தொடர்வதால் 'ஐ ஹாவ் பீன் வேர்க்கிங்' என்றே வரவேண்டும். மாறாக, 'நேற்று' என்பது முடிந்துபோன காலம். 'நேற்றுப் பார்த்தேன்' என்பதற்கு 'ஐ சோ' போதும். அங்கே 'ஹாவ்' வராது.

இப்பிழைகளால் பரீட்சையில் சில புள்ளிகள் குறையலாம். ஆனால் 'பை', 'அன்ரில்' ஆகிய இரண்டிலும் நேரும் பிழை அத்தோடு நிற்பதில்லை. முன்னது 'க்குள்', பின்னது 'வரை'. போர்க்காலத்திலும், 2020 இல் கொரோனா பரவிய நாள்களிலும், ஊரடங்குச் சட்டம் சில மணி நேரம் தளர்த்தப்பட்டு மீண்டும் அமுலாக்கப்பட்டதை நம் மக்கள் அறிவர். 'பிற்பகல் 2 மணி வரை தளர்த்தப்படும்' என்ற அறிவித்தலை '2 மணிக்குள் தளர்த்தப்படும்' என்று அச்சிட்டால் என்னவாகும்? குழந்தைக்குப் பால்மா வாங்க வேண்டிய தாய், 2 மணி கழியட்டும் என்று காத்திருந்து வீதியில் இறங்குவாள். அவளுக்குத் திறந்திருந்த நேரம் அப்போது முடிந்துவிட்டிருக்கும். எதிரே நிற்பது சோதனைச் சாவடி.

ஆகவே நேரம் குறித்த அறிவித்தல் எதுவாயினும், எப்போது தொடங்குகிறது, எப்போது முடிகிறது என்று ஒரு தாளில் கோடிட்டுப் பார்த்த பின்னரே அதனைத் தமிழாக்குவேன்.

புலம்பெயர் நாடுகளில் ஆங்கிலம் கைவந்த நம் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீட்டைத் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் தமிழ் கற்கவும் இது உதவும்.