பந்து எங்கே போச்சு?



போன மாதம் நம்ம மைதானத்தில் நடந்த ஹாக்கி போட்டிக்கு மைக்கில் பேசியது நான்தான். முதல் கோல் விழுந்ததும் "ஆ... அய்யோ... சூப்பர்!" என்று கத்திவிட்டு அப்படியே வாயைப் பிளந்து நின்றேனே, அதைச் சொல்லிச் சொல்லி இன்னமும் சிரிக்கிறீர்கள். கணுக்கால் பிசகி ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தவன் கையில் பி.டி. சார் மைக்கைக் கொடுத்தால் வேறு என்ன நடக்கும்?

நீங்கள் சிரித்தது பரவாயில்லை. ஆனால் வேப்பமரத்தடியில் என் தாத்தாவும் உட்கார்ந்திருந்தார். அவருக்குக் கண் பார்வை போய் மூன்று வருஷம் ஆகிறது. இனி திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கோவில்பட்டிக்காரர் இல்லையா, ஹாக்கி என்றால் மட்டும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டார்: "ஏலே, யாரு கோல் போட்டா? எந்தப் பக்கத்துலருந்து வந்துச்சு? சனம் கத்துனது கேட்டுச்சு. நீ கத்துனதும் கேட்டுச்சு. பந்து எங்க போச்சுன்னுதான் தெரியல."

எனக்குச் சுருக்கென்றது.

அன்று ராத்திரிதான் தாத்தா ஜஸ்தேவ் சிங்கைப் பற்றிச் சொன்னார். 1975 மார்ச் 15, சனிக்கிழமை. கோலாலம்பூரில் உலகக் கோப்பை ஹாக்கி இறுதி ஆட்டம். இந்தியாவும் பாகிஸ்தானும். தாத்தா அப்போது தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தார். டீக்கடை டிரான்சிஸ்டரைச் சுற்றி ஒரே கூட்டமாம். வானொலியில் இங்கிலீஷும் ஹிந்தியும் மாறி மாறி வரும். தாத்தாவுக்கு இரண்டுமே தெரியாது. ஹிந்தி வர்ணனை ஜஸ்தேவ் சிங்.

"பாஷை தெரியாம எப்படித் தாத்தா கேட்டீங்க?"

"பேரு தெரியும்லா? சுர்ஜித், அசோக் குமார்... அந்த ஆளு குரல் ஏற ஏற பந்து கோல்கிட்ட போகுதுன்னு அர்த்தம். சட்டுன்னு இறங்குச்சுன்னா அவன் புடுங்கிட்டான்னு அர்த்தம். அவ்வளவுதாம்ல."

முதல் கோல் பாகிஸ்தானுக்கு. பிறகு சுர்ஜித் சிங் அதைச் சமன் செய்தார். அடுத்து தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்த பந்து கம்பத்தின் உள்பக்கம் பட்டு வெளியே வந்துவிட்டது. கோல் இல்லை என்று பாகிஸ்தான் வீரர்கள் வாதாடினார்கள். நடுவர் கோல் என்றார். 2–1. ஆண்கள் உலகக் கோப்பையை இந்தியா முதன்முதலாக வென்றது அப்போதுதான். சென்னைக்காரர் வி.ஜே. பிலிப்ஸும் அந்த அணியில் இருந்தார். (இதைச் சொல்லும்போது தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.)

நான் யோசித்துப் பார்த்தேன். மைதானத்தில் இருந்தவர்களுக்கே சண்டை வந்த கோல் அது. டீக்கடையில் நின்றவர்களுக்கு ஒரு மனிதரின் வாயை விட்டால் வேறு கதி இல்லை. அந்த இடத்தில் அவர் என்னை மாதிரி "அய்யோ" என்று நின்றிருந்தால்?

கணினி அறையில் தேடி அவரைப் பற்றி எழுதிக்கொண்டேன். 1931இல் ராஜஸ்தானில் பிறந்தவர். 1948இல் காந்தியடிகளின் இறுதி ஊர்வலத்தை மெல்வில் டி மெல்லோ மணிக்கணக்காக இங்கிலீஷில் வர்ணித்ததை ரேடியோவில் கேட்டு, நான் இதை ஹிந்தியில் செய்வேன் என்று அம்மாவிடம் சொன்னாராம். 1955இல் ஜெய்ப்பூர் வானொலியில் சேர்ந்தார். பிறகு டெல்லிக்கு வந்தார். 1963 முதல் சுதந்திர தின, குடியரசு தின வர்ணனைகளும் அவர் குரலில்தான். 9 ஒலிம்பிக், 8 உலகக் கோப்பை ஹாக்கி, 6 ஆசிய விளையாட்டு! 1985இல் பத்மஸ்ரீ, 2008இல் பத்மபூஷண். 2018 செப்டம்பர் 25 அன்று காலமானார். அவருடைய சுயசரிதையின் பெயருக்கு "நான் ஜஸ்தேவ் சிங் பேசுகிறேன்" என்று அர்த்தம். ரேடியோவில் முகம் தெரியாதே, யார் பேசுவது என்று சொல்லித்தானே ஆரம்பிக்க வேண்டும்!

அடுத்த போட்டிக்கு ஒரு வாரம் இருந்தது. வீட்டில் கண்ணில் படுவதையெல்லாம் வர்ணித்துப் பழகினேன். அம்மா தோசை ஊற்றுவதை "இதோ, வலப்பக்கமாகத் திருப்புகிறார்" என்று சொல்லப்போய் தோசைத் திருப்பியால் ஒன்று வாங்கினேன். இரண்டு அணியின் பெயர்களையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். பந்து யாரிடம், இடப்பக்கமா வலப்பக்கமா, டிக்குள்ளே போய்விட்டதா, இப்போது எத்தனைக்கு எத்தனை... இந்த நான்கையும் விடாமல் சொல்ல வேண்டும் என்று தாத்தா கட்டளை.

அந்த ஆட்டத்தில் நாம் 1–2 என்று தோற்றது உங்களுக்குத் தெரியும். அவர்கள் இரண்டாவது கோல் போட்டபோது எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் மரத்தடியைப் பார்த்துக்கொண்டே யார் அடித்தது, எப்படி வந்தது என்று முழுசாகச் சொல்லி முடித்தேன்.

வீட்டுக்குப் போகும்போது தாத்தா கேள்வியே கேட்கவில்லை. பாதி வழியில் அவராகவே, "அந்த ரெண்டாவது கோலு, நம்ம பேக்கு இடப்பக்கத்தைக் காலியா விட்டுட்டான். நான் பாத்தேன்" என்றார்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "கோல்கீப்பர் பேரை ரெண்டு தடவை மாத்திச் சொன்னியேலே, உள்ளங்கை வேர்த்து அழிஞ்சு போச்சோ?" என்றார்.

ஆமாம், அழிந்துதான் போயிருந்தது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்