சிவப்பு எங்கே இருக்கிறது?

பேக்கிங் க்யூப் என்பது வேறொன்றுமில்லை, ஜிப் வைத்த துணிப்பெட்டி. இரண்டு மூன்று சைஸில், மேலே வலைத்துணியோடு வரும். எதற்கு என்று கேட்டால் பலரும் "இடம் மிச்சம்" என்பார்கள். பாதிதான் உண்மை. கூடுதலாக ஒரு ஜிப் வைத்த கம்ப்ரெஷன் வகை, துணிகளுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றும். எடையில் ஒரு கிராம்கூடக் குறைக்காது. சாதா வகை காற்றையும் பெரிதாக வெளியேற்றாது.

அது உண்மையில் தருவது முகவரி. மேலே மட்டும் திறக்கும் 50 லிட்டர் ரக்சாக்கில் பொருட்களை அப்படியே போட்டால், எங்கள் பாஷையில் அது ஒரு 'ஸ்டாக்': கடைசியாக வைத்ததுதான் முதலில் வரும். அடியில் கிடக்கும் ஒரு ஜோடி சாக்ஸுக்காக மொத்தத்தையும் ஈரப் புல்லில் பரப்ப வேண்டும். நம் அஞ்சறைப்பெட்டி இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டது. கரண்ட் போனாலும் அம்மாவின் கை நேராகக் கடுகுக்குத்தான் போகும்.

என் கணக்கு எளிது. நீலத்தில் மாற்று உடை. பச்சையில் ஹெட்லாம்ப், பேட்டரி, பவர்பேங்க். சிவப்பில் மருந்து மட்டும், எப்போதும் எல்லாவற்றுக்கும் மேலே. கனமானவை முதுகை ஒட்டி. க்யூப் துணி மழையைத் தாங்காது என்பதால், ரக்சாக்குக்குள் முதலில் ஒரு பெரிய பாலிதீன் உறை.

ஒரு மார்ச் மாத இரவில் அப்பாவும் நானும் வெள்ளியங்கிரி ஏறினோம். அப்பா சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர். ஐந்தாவது மலையில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. அந்தக் குளிரில் அவருக்கு மட்டும் வேர்த்தது. கை நடுங்கியது. கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். லோ சுகர். சரிவில் சாய்ந்துவிடாமல் அவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். பை என் முதுகில்.

பின்னால் மூங்கில் தடியோடு வந்த ஒருவர் நின்றார். "தம்பி, என்னங்க ஆச்சு?"

"அண்ணா, என் பையைத் திறங்க. மேலேயே சிவப்பா ஒண்ணு இருக்கும். அதுல குளுக்கோஸ்."

ஜிப் சத்தம் இரண்டு முறை கேட்டது. பாக்கெட் கைக்கு வந்துவிட்டது. 15 கிராம் சர்க்கரை, 15 நிமிடக் காத்திருப்பு என்பது டாக்டர்கள் சொல்லும் விதி. நேரம் ஆவதற்குள்ளேயே அப்பா நிமிர்ந்து, "ஏன்டா எல்லாரும் உக்காந்துட்டீங்க?" என்றார். அந்த அண்ணன் சிரித்துக்கொண்டே மேலே ஏறிப் போய்விட்டார். பேர்கூடக் கேட்கவில்லை.

எழுதியவருக்கு மட்டும் புரியும் கோடை நல்ல கோடு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ராத்திரி 2 மணிக்கு சர்வர் விழுந்தால், அதைத் திறந்து பார்ப்பது வேறு யாரோ. பைக்கும் அதேதான். "அம்மா வந்தாத்தான் தெரியும்" என்று நாம் சொல்லும் வீட்டு அலமாரிகள் எத்தனை சுத்தமாக இருந்தாலும், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளில் அவை வெறும் மூடிய கதவுகள். முன்பின் தெரியாத ஒருவரிடம், இருட்டில், ஒரே வாக்கியத்தில் சொல்லிப் புரியவைக்க முடிகிற அடுக்குதான் அடுக்கு.

இப்போதெல்லாம் நடக்க ஆரம்பிக்கும் முன், கூட வருபவர்களுக்கு எந்த நிறத்தில் என்ன என்று சொல்லிவிடுகிறேன். "ஏர்ஹோஸ்டஸ் ஆரம்பிச்சுட்டான்டா" என்று நண்பர்கள் ஓட்டுவார்கள். ஓட்டட்டும். சிவப்பு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொருவரும் ஒருமுறை திருப்பிச் சொன்ன பிறகுதான் பையைத் தோளில் மாட்டுவேன்.