முதலில் செலவு, பிறகு மனு

அந்தப் பெண்ணுக்கு அப்போது வயது 30. வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். 2018 தீபாவளிக்கு முந்தைய சீசனில், பத்துப் பேருக்கும் குறைவாக வேலை பார்த்த ஒரு பட்டாசுப் பட்டறையில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்திக்கொண்டிருந்தபோது உராய்வில் தீப்பிடித்தது. கையிலும் கழுத்திலும் பட்ட புண் ஆறிவிட்டது. வலது கண் ஆறவில்லை. சிவந்த ரத்த நாளங்களோடு ஒரு வெண்படலம் கருவிழியின் மேல் ஏறிக்கொண்டே வந்தது. முகத்துக்கு நேரே கையை ஆட்டினால் ஏதோ அசைகிறது என்பது மட்டும் தெரியும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பட்டாசு ஆலை விபத்தை நாடே பேசியது. ஒரே ஒருத்திக்கு ஒரே ஒரு கண் போனால் பத்திரிகையில் ஒரு வரிகூட வராது. இந்த ஊரில் வழக்கு நடத்துகிற என் மேசைக்கு அதிகம் வருவது இப்படிப்பட்ட வழக்குக் கட்டுகள்தான்.

முதலாளி தரப்பின் பதில் வழக்கமானது: கொட்டகையை உள்குத்தகைக்கு விட்டிருந்தோம், இவர் எங்கள் ஆளே இல்லை. சம்பளச் சிட்டையும் கூட வேலை பார்த்த பெண்களின் சாட்சியமும் அதை உடைத்துவிட்டன. ஈ.எஸ்.ஐ. இல்லாத பட்டறை, ஆகவே 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். வெடிமருந்து கையாளும் வேலை அதன் இரண்டாம் அட்டவணையிலேயே இருந்தது. மற்றொரு கண் நன்றாக இருக்க ஒரு கண்ணின் பார்வை போனால் 30 சதவீத இழப்பு என்றது முதல் அட்டவணை. அன்றைய சம்பள உச்சவரம்பு 8,000 ரூபாய். அதில் 60 சதவீதம். 30 வயதுக்கான காரணி 207.98. பெருக்கினால் ஏறத்தாழ 3 லட்சம். கணக்கு அவ்வளவுதான் என்றிருந்த நேரத்தில் மதுரையில் ஒரு கண் மருத்துவர், "இந்தக் கண்ணுக்கு வழி இருக்கிறது" என்றார்.

அவர் எனக்கு விளக்கியது இது. கருவிழியின் மேல்தோல் உதிர்ந்து உதிர்ந்து புதிதாகிக்கொண்டே இருக்கும் ஒன்று. அதற்கான புதிய செல்களைத் தருபவை, கருவிழியும் வெள்ளைவிழியும் சந்திக்கும் விளிம்பில், லிம்பஸ் என்ற வளையத்தில் இருக்கும் ஸ்டெம் செல்கள். தீயோ ரசாயனமோ அந்த வளையத்தை எரித்துவிட்டால் மேல்தோல் புதிதாக வராது. வெள்ளைவிழியின் சவ்வு உள்ளே படர்ந்துவிடும். அந்த நிலையில் தானமாக வந்த கருவிழியை வைத்துத் தைத்தாலும் தங்காது. "நாற்றங்கால் கருகிப்போன வயல் சார் இது. நிலத்தை மட்டும் மாற்றி என்ன செய்ய?" என்றார்.

வழி என்னவென்றால், நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து சுமார் 2 மில்லிமீட்டர் சதுரத்துக்கு ஒரு துணுக்கை எடுப்பது. அதை எட்டுப் பத்துத் துகள்களாக நறுக்கி, படலத்தை நீக்கிய கண்ணின் மேல் பனிக்குடச் சவ்வை விரித்து, அதில் வட்டமாக வைத்து ஃபைப்ரின் பசையால் ஒட்டுவது. துகள்களிலிருந்து செல்கள் பரவி மேல்தோலாகும். ஸ்லெட் என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையில் டாக்டர் விரேந்தர் சங்வானும் சக மருத்துவர்களும் உருவாக்கி 2012-இல் வெளியிட்ட முறை. அதற்கு முன்பு அங்கேயே இந்தச் செல்களை ஆய்வகத்தில் வளர்த்துப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். அதற்குத் தனி ஆய்வகமும் பெரும் செலவும் வேண்டும். ஸ்லெட்டுக்கு அறுவை அரங்கு போதும். ஐரோப்பா ஆய்வகத்தில் வளர்த்த லிம்பஸ் செல்லை 2015-இல்தான் மருந்தாக அங்கீகரித்தது. 2016-இல் வந்த ஆய்வில், தீயாலும் ரசாயனத்தாலும் ஒரு கண் கெட்ட 125 பேரில் 76 சதவீதத்தினருக்கு ஸ்லெட் பலன் தந்திருந்தது. பட்டாசுக்காரர்களுக்கு மிக வேண்டிய ஒரு சிகிச்சை நம் நாட்டிலேயே, ஏழைகளுக்கும் எட்டும்படி உருவானதை நினைத்து இன்றும் எனக்குப் பெருமைதான்.

பெண்ணின் தாய்க்கு அது பெருமையாகப் படவில்லை. "இருக்கிறது ஒத்தக் கண்ணு. அதுலயும் கத்தி வைக்கச் சொல்றீகளேய்யா" என்று என் அலுவலக வாசலில் உட்கார்ந்து அழுதார். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. அதே வாரத்தில் ஒரு தரகர் வேறு வந்து, நல்ல கண்ணைத் தொடவே வேண்டாம், முதுகில் ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை வந்துவிடும், சில லட்சம் ஆகும் என்று ஆசை காட்டியிருந்தார். பெண்ணின் அண்ணன் நிலத்தை விற்கத் தயாராகிவிட்டார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டு நெறியை எடுத்து அவருக்கு வரி வரியாகச் சொன்னேன்: எலும்பு மஜ்ஜை, ரத்த ஸ்டெம் செல் மாற்றம் தவிர மற்றவை பரிசோதனையாக மட்டுமே நடக்க வேண்டும். பரிசோதனை என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. காசு கேட்கிறான் என்றாலே கிளம்பி வந்துவிடுங்கள் என்றேன். நிலம் தப்பியது. கண்ணைப் பற்றி முடிவெடுத்தது அந்தப் பெண்தான். "எடுக்கட்டும்மா. வேலைக்குப் போக வேணாமா?" என்றாள். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து மதுரைக்குப் போனார்கள். பார்வை ஓரளவு திரும்பியது. அந்தச் செலவையும் வழக்கில் சேர்த்துக் கேட்டேன்.

அண்ணனிடம் நான் காட்டிய அதே நெறிமுறையை எதிர்தரப்பு வழக்கறிஞர் எனக்கு எதிராக, வழக்கை விசாரித்த ஊழியர் இழப்பீட்டு ஆணையர் முன் எடுத்து வைத்தார். ஸ்டெம் செல் சிகிச்சை ஆராய்ச்சி நிலையில் இருப்பது. அதற்கான செலவை என் கட்சிக்காரர் ஏன் தர வேண்டும்? நல்ல வாதம். மருத்துவரைக் கூண்டில் ஏற்றினேன். எங்கிருந்து எடுத்தீர்கள்? கண்ணிலிருந்து. எங்கே வைத்தீர்கள்? கண்ணில், அதே வேலைக்கு. இடையில் செல்லை வளர்த்தீர்களா, மாற்றினீர்களா? இல்லை, நறுக்கினேன். தொடைத் தோலை எடுத்துக் கையில் ஒட்டுவதற்கும் இதற்கும் சட்டத்தின் பார்வையில் என்ன வேறுபாடு? அடிப்படையில் எதுவும் இல்லை. 2009 திருத்தம் சேர்த்த 4(2ஏ) பிரிவின்படி, வேலையில் பட்ட காயத்துக்கு ஆன மருத்துவச் செலவு முழுவதையும் முதலாளி திருப்பித் தர வேண்டியிருந்தது. ஆணையர் ஏற்றுக்கொண்டார்.

அடுத்த வாதம் இன்னும் கூர்மையானது. பார்வை திரும்பிவிட்டதே, 30 சதவீதம் எதற்கு? குறுக்கு விசாரணையில் இடது கண்ணைப் பொத்தச் சொல்லி, சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினார். சிவகாசியில் அச்சடித்த காலண்டர். தேதியைச் சரியாகச் சொன்னாள். கீழே இருந்த ராகுகால வரியைப் படிக்கச் சொன்னேன். முடியவில்லை. தீப்பெட்டி, பட்டாசு, அச்சகம் என்று இந்த ஊர் வேலை எல்லாமே கைக்கெட்டும் தூரத்துக் கூர்மையைக் கேட்பவை என்று வாதாடினேன். மருத்துவச் சான்றின்படி 20 சதவீதம் என்று முடிவானது. பொறுப்பு விபத்து நாளிலேயே தொடங்கிவிடுகிறது என்று பிரதாப் நாராயண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1975-இல் சொன்னதைக் காட்டி, 12 சதவீத வட்டியை அந்த நாள் கணக்கில் வாங்கினேன். மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் முதலாளி முழுத் தொகையையும் முதலில் கட்ட வேண்டும். கட்டினார், மேல்முறையீட்டுக்குப் போகவில்லை.

வென்ற வழக்குதான். ஆனாலும் அந்த 10 சதவீதம் என்னை உறுத்துகிறது. ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் முதலாளிக்கு மிச்சமானது, பார்வை கொஞ்சம் திரும்பியதால். அந்தப் பார்வைக்காகத் தன் நல்ல கண்ணில் கத்தி வைக்கக் கொடுத்தவளும் சங்கிலியை அடகு வைத்தவளும் அவள்தான். அதைவிடப் பெரிய குறை சட்டத்தின் வாசகத்தில் இருக்கிறது: ஊழியர் "செய்த" செலவைத்தான் திருப்பித் தரச் சொல்கிறது. தினக்கூலிக்காரர் முதலில் செலவு செய்துவிட்டுப் பில்லோடு வர வேண்டும். அடகு வைக்கச் சங்கிலி இல்லாதவருக்குக் கண்ணும் இல்லை, பில்லும் இல்லை. சாலை விபத்து வழக்கில் எதிர்கால மருத்துவச் செலவு கேட்கலாம், தீர்ப்பாயங்கள் தருகின்றன. இங்கே அதற்கு இடமில்லை. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே வாசகம் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் குறை எவ்வளவு கொடியது என்பது இரண்டு கண்ணும் எரிந்த ஒருவர் என்னிடம் வந்தபோது தெரிந்தது. அவருக்கு எடுக்க நல்ல கண் கிடையாது. உறவினர் கண்ணிலிருந்து துணுக்கு எடுத்தால், உடல் அதை ஒதுக்காமலிருக்கத் தொடர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். ஜப்பானில் ஒசாகாவைச் சேர்ந்த கோஜி நிஷிதா குழு, சாதாரணச் செல்லை மீண்டும் ஸ்டெம் செல் நிலைக்குத் திருப்பிய ஐ.பி.எஸ். செல்களிலிருந்து கருவிழி மேல்தோலை வளர்த்து 4 கண்களில் பொருத்திய முடிவுகளை 2024-இல் வெளியிட்டது. இரு கண்ணும் கெட்டவர்களுக்கான நம்பிக்கை அந்தத் திசையில்தான் இருக்கிறது. அது இந்தியாவில் வழக்கமான சிகிச்சையாகும் நாளில், பட்டறை முதலாளி அதற்குப் பொறுப்பாவாரா? இன்றைய வாசகப்படி, தொழிலாளி பணத்தைக் கட்டி முடித்த பிறகுதான்.

அவருக்கான மனுவில் ஒரு கோரிக்கையைச் சேர்த்தேன்: சிகிச்சைச் செலவை மருத்துவமனையின் மதிப்பீட்டின் பேரில் முதலாளி நேரடியாகச் செலுத்த உத்தரவிட வேண்டும். சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை என்று எதிர்தரப்பு சொல்லும், எனக்கும் அது தெரியும். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை போனாலும் அந்தக் கோரிக்கையை நான் கைவிடப் போவதில்லை.