கைக்குழந்தையோடு கப்பலில்

ரயில் பிரயாணத்திற்கு மூட்டை கட்டுவதில் கொல்கத்தாத் தமிழர்களுக்கு எவரும் பாடம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஷாலிமாரில் கோரமண்டல் விரைவு வண்டியில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்கும் வரை, எந்த வேளைக்கு எது வேண்டும் என்பது நம் வீடுகளில் அனைவருக்கும் மனப்பாடம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி முதல் வேளைக்கு. புளியோதரை அடுத்த வேளைக்கு. எதையேனும் மறந்துவிட்டாலும் பாதகமில்லை. புவனேசுவரத்தில் பால் கிடைக்கும். விசாகப்பட்டினத்தில் பழம் கிடைக்கும். அதற்கும் மிஞ்சினால் வழியிலுள்ள ஓர் ஊரில் இறங்கி வைத்தியரைத் தேடலாம்.

கடலில் நிலையங்கள் இல்லை. இந்த எளிய உண்மையை நாங்கள் எங்கள் பதினான்கு மாதக் குழந்தையோடு அந்தமானுக்குக் கப்பல் ஏறிய பிறகே முழுவதும் உணர்ந்தோம். அந்த அனுபவம் அன்பர்கள் சிலருக்கேனும் பயன்படக்கூடும் என்று கருதியே இதனை எழுதுகிறோம்.

பிரயாணத்தின் காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். குழந்தையின் தாய் பிறந்து வளர்ந்தது போர்ட் பிளேயரில். 2024 செப்டம்பரில் அவ்வூருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டது. நாங்கள் சென்ற 2023 ஜனவரியில் அது போர்ட் பிளேயராகவே இருந்தது. அங்கே குழந்தையின் கொள்ளுப்பாட்டி இருக்கிறார். எண்பது வயதைக் கடந்தவர். கண் பார்வை மாதத்துக்கு மாதம் மங்கிக்கொண்டு வந்தது. "இருட்டுவதற்குள் ஒரு தரம் பிள்ளையின் முகத்தைக் காட்டிவிடுங்கள்" என்று தொலைபேசியில் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார், அதற்கு மேல் எங்களால் நாளைக் கடத்த முடியவில்லை. அந்த மாதத்து விமானக் கட்டணம் எங்கள் கைக்கு எட்டுவதாக இல்லை. ஆகவே கப்பல்.

கொல்கத்தாவிலிருந்து அவ்வூருக்குக் கடல் வழி 1,255 கிலோமீட்டர். புறப்பட்ட பின் மூன்று நாட்களுக்குக் குறையாமல் ஆகும் என்றார்கள். நாங்கள் ஒரு வாரம் முன்னதாகவே மூட்டை கட்டத் தொடங்கினோம். கட்டியவர் குழந்தையின் தாய். கட்டியதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. முளைகட்டிய கேழ்வரகு மாவு, வறுத்த அரிசியும் பாசிப்பருப்பும் கலந்து அரைத்த மாவு, பால் பொடி. முதல் நாளுக்குப் பழுத்தும், மூன்றாம் நாளுக்குக் காயாகவும் பார்த்து லேக் மார்க்கெட்டில் பொறுக்கிய வாழைப்பழங்கள். இரண்டு வெந்நீர்க் குடுவைகள். கம்பளிக் குல்லாய், காலுறை. நாளொன்றுக்கு ஆறு வீதம் கணக்கிட்டு, அதன் மேல் பாதியும் கூட்டி, முப்பத்தாறு டயப்பர்கள். பழைய பருத்திப் புடவைகள் இரண்டு. எல்லாம் ஏழு பைகளில் அடங்கின. எது எந்தப் பையில் என்பது கட்டியவருக்குத் தெரியும். குழந்தையின் தகப்பனுக்கு ஏழு பைகள் என்பது மட்டும் தெரியும்.

பிற்பகலில் கிதிர்ப்பூர்த் துறைக்குச் சென்று சேர்ந்தோம். அங்கு முதலிலேயே ஒரு பாடம் கிடைத்தது. கப்பலின் பக்கவாட்டில் சாய்ந்து நிற்கும் ஏணிப்படி குறுகலானது, செங்குத்தானது. குழந்தையை ஏந்துபவர் மற்றொரு கையால் கயிற்றைப் பற்ற வேண்டும். ஆகவே அவருக்குத் தோளில் மாட்டும் ஒரே ஒரு பைதான் சாத்தியம். அந்த ஒரு பையில் அடுத்த சில மணி நேரத்துக்கான உணவும், தண்ணீரும், மாற்றுத் துணியும் இருந்தாக வேண்டும். மற்ற மூட்டைகள் எப்பொழுது வந்து சேரும் என்று யாரும் உறுதி சொல்ல இயலாது.

ஏறிய உடனே கப்பல் புறப்பட்டுவிடுவதில்லை. துறையின் மதகு வழியாக ஹூக்ளி ஆற்றுக்குள் இறங்க அலையேற்றத்துக்குக் காத்திருக்க வேண்டும். நாங்கள் நள்ளிரவு வரை காத்திருந்தோம். பையில் ஒரு நாள் உணவு அதிகமாக இருக்க வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். கடலின் நிலை மற்றொரு காரணம்.

பின்னிரவில் கப்பல் அசைந்தது. கொல்கத்தாவிலிருந்து ஆழ்கடல் வரை ஏறத்தாழ 230 கிலோமீட்டர் தூரத்துக்கு வழிகாட்டி மாலுமி ஒருவர் கப்பலைச் செலுத்த வேண்டியிருக்கிறது. ஆற்றின் அடியில் மணல் திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதே காரணம். விடியலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்திற்குச் சென்றோம். இருகரையிலும் செங்கல் சூளைகளின் புகைபோக்கிகள், மீன் படகுகள், பனி மூடிய வயல்கள். பின்னர் வலப்புறம் ஹால்தியாவின் எண்ணெய்த் தொட்டிகள். நண்பகலில் இடப்புறம் சாகர் தீவு. சங்கராந்தி மேளா முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. அங்கிருந்து கரைகள் இரண்டும் பின்வாங்கின. பழுப்பு நீர் பச்சையாயிற்று, பச்சை கருநீலமாயிற்று. தொலைபேசியில் கோடுகள் ஒவ்வொன்றாய் மறைந்தன. குழந்தை கைகொட்டிச் சிரித்தது. நாங்களும் சிரித்தோம்.

மாலையில் கப்பல் ஆடத் தொடங்கிற்று. பெரிய ஆட்டமன்று, பழகியவர்கள் தேநீர் அருந்திக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்கும் ஒன்றுமில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளைக் கடல் மயக்கம் தாக்குவது அரிது என்று வைத்தியர் முன்னமே கூறியிருந்தார். ஆனால் தாய் படுத்துவிட்டார். தலையை உயர்த்தினால் வாந்தி. குழந்தைக்கு வேண்டிய மருந்துகளையெல்லாம் எழுதி வாங்கிய நாங்கள், தாய்க்கென்று ஒரு மாத்திரையும் கேட்டு வாங்கவில்லை. இரவில் தாய்ப்பால் கொடுப்பவர் எந்த மாத்திரையை உட்கொள்ளலாம் என்று கேட்க வேண்டும் என்பதுகூட எங்களுக்குத் தோன்றவில்லை.

இரவு பத்து மணிக்குக் குழந்தையின் உடல் சுடுவதைத் தகப்பன் கவனித்தார்.

"தெர்மாமீட்டர் எங்கே?"

"பையில்."

"எந்தப் பை?"

பதில் வரவில்லை, வாந்திதான் வந்தது.

ஏழு பைகளையும் அவர் ஒவ்வொன்றாய்க் கொட்டினார். குழந்தை அவருடைய இடுப்பில் அழுதுகொண்டிருந்தது. கப்பல் சாய்ந்தபோது வாழைப்பழங்கள் படுக்கையடியில் உருண்டன. தெர்மாமீட்டரும் இல்லை, காய்ச்சல் மருந்தும் இல்லை. கப்பலில் மருத்துவர் உண்டு. ஆனால் இரண்டு தளங்கள் கீழே. எழுந்து உட்கார இயலாதவரிடம் குழந்தையை விட்டுச் செல்வதா, ஆடும் இரும்புப் படிகளில் காய்ச்சல் குழந்தையைச் சுமந்து இறங்குவதா? இரண்டுக்கும் துணிவின்றி அவர் அறை வாயிலில் நின்றார். அந்த நிலையை இன்று நினைத்தாலும் எங்களுக்கு நெஞ்சு கனக்கிறது.

எதிர் அறையில் மாயாபந்தருக்குச் செல்லும் வங்காள மூதாட்டி ஒருவர் இருந்தார். அழுகுரல் கேட்டு வந்து, ஒரு வார்த்தையும் கேளாமல் குழந்தையை வாங்கிக்கொண்டார். தகப்பன் மண்டியிட்டு மறுபடியும் தேடினார். அப்பொழுது படுக்கையிலிருந்து மெல்லிய குரல் வந்தது: "மாவு டப்பாவில் பாருங்கள். உடையாமல் இருக்க வேண்டுமென்று அதற்குள் வைத்தேன்."

கேழ்வரகு மாவுக்குள், துணியில் சுற்றி, தெர்மாமீட்டரும் மருந்துப் புட்டியும் பத்திரமாக இருந்தன. காய்ச்சல் 102 டிகிரி. எடைக்குத் தக்கபடி வைத்தியர் குறித்த அளவு புட்டியிலேயே எழுதி ஒட்டப்பட்டிருந்ததால் மருந்து கொடுப்பதில் தயக்கமில்லை. ஒரு மணி நேரத்தில் குழந்தை வியர்த்துத் தூங்கிற்று. மறுநாள் காலை கப்பல் மருத்துவர் வந்து பார்த்து, சளிக் காய்ச்சல்தான், அஞ்சத் தேவையில்லை என்றார்; தாய்க்கும் தகுந்த மாத்திரை தந்தார்.

கடல் அன்று அமைதியாக இருந்தது. நாங்கள் தரையில் அமர்ந்து மூட்டைகளையெல்லாம் அவிழ்த்து மறுபடியும் கட்டினோம். இம்முறை இருவருமாகக் கட்டினோம். அன்று வகுத்துக்கொண்ட முறையையே திரும்பும் பயணத்திலும் கையாண்டோம். அதனைக் கீழே தருகிறோம்.

பொருளின் இனத்தைப் பார்த்துப் பிரிக்காமல், வேளையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். துணியெல்லாம் ஒரு பையில், உணவெல்லாம் ஒரு பையில் என்று வைத்தால், ஒரு நேரத்துக்கு நான்கு பைகளைத் திறக்க நேரும். ஒரு நாளைக்கு வேண்டிய துணி, மாவு, டயப்பர் யாவும் ஒரு பையில் இருக்கட்டும், நாளுக்கொரு பை.

மருந்துப் பை தனி. அதன் காதில் சிவப்புத் துணி கட்டுங்கள். இருட்டிலும் கைக்குத் தட்டுப்படும்படி முடிச்சு பெரிதாக இருக்கட்டும். தெர்மாமீட்டர், காய்ச்சல் மருந்து, உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி, வைத்தியர் எழுதிய சீட்டு ஆகியவை அதில் இருக்க வேண்டும். ஒரு லிட்டர் கரைசலுக்கான பொட்டலத்தை, காய்ச்சி ஆறிய நீர் ஒரு லிட்டர் முழுவதிலும் கரைப்பதே முறை. இருபத்துநான்கு மணி நேரத்துக்கு மேல் அதனை வைத்துக்கொள்ளலாகாது. ஆகையால் ஒரு லிட்டர் அளவுள்ள புட்டி ஒன்றும் உடன் செல்ல வேண்டும்.

எது எங்கே என்பதைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி அறைக் கதவின் உட்புறம் ஒட்டிவிடுங்கள். எங்கள் தாளை ஒட்டுவதற்கு அந்த வங்காள மூதாட்டியே பசைப் பட்டை தந்தார்.

கப்பல் சமையலறையில் முன்னதாகச் சொன்னால், காரம் சேர்க்காத சோறும் பருப்பும் எடுத்துத் தந்தார்கள், வெந்நீரும் கொடுத்தார்கள். ஆகையால் உணவுச் சுமையைக் குறைக்கலாம். டயப்பரைக் குறைக்கலாகாது. கடற்காற்றின் ஈரத்தில் துவைத்த துணி காய்வதில்லை. பயன்படுத்தியவற்றைக் கட்டி வைக்க உறைகளும் வேண்டும். பிளாஸ்டிக்கைக் கடலில் எறிவது உலகெங்கும் விதியால் தடுக்கப்பட்டிருக்கிறது.

நடை பழகும் குழந்தைக்குக் கப்பலில் மூன்று பகைவர்கள்: முழங்கால் உயர இரும்பு வாசற்படி, தானே அறைந்து சாத்திக்கொள்ளும் கனத்த கதவு, இடைவெளியுள்ள தளக் கம்பி. தளத்தில் குழந்தையின் கையை அல்ல, குழந்தையையே பிடித்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கான உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று ஏறிய முதல் மணியிலேயே கேட்டு, ஒரு தரம் அணிவித்தும் பாருங்கள். அறையைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால், கப்பலின் நடுப்பகுதியில் கீழ்த்தளத்தைக் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு.

ஐந்தாம் நாள் காலை, வலப்புறத்தில் மேகம்போல் தெரிந்த தீவுகள் மெல்லப் பச்சையாயின. ஹாடோ துறையில் தாத்தா வந்து காத்திருந்தார். வீட்டை அடைந்ததும் கொள்ளுப்பாட்டி குழந்தையைச் சன்னலோரம் கொண்டுபோய், வெளிச்சத்தில் முகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு விரலால் நெற்றியையும் மூக்கையும் தடவிப் பார்த்தார். "இவன் தாத்தா மூக்கு" என்றார்.

அந்தத் தாத்தாவைத்தான், ஆறு மாதக் குழந்தையாக, 1962-ஆம் ஆண்டு அவர் சென்னையில் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். மூட்டையில் என்ன கட்டினீர்கள் என்று கேட்டோம். எங்கள் ஏழு பைகளின் கதையையும், மாவு டப்பாவின் கதையையும் கேட்டுச் சிரித்து முடித்த பிறகே பதில் சொன்னார்.

"என்னத்தக் கட்டினேன்? ஒரு டிரங்குப் பெட்டி. நாலு பழைய வேட்டி. ஒரு சேலையைப் படுக்கைக் கம்பியில தூளியாக் கட்டினேன். எனக்குத் தலை சுத்துனப்ப அவருதான் ஆட்டப் போனாரு. ஆட்ட வேண்டியிருக்கல. கப்பல்தான் ஆடிச்சு, தூளி நின்ன இடத்துல நின்னுச்சு."

இன்றைய அறைகளின் கம்பிகளில் தூளி கட்டும் துணிவு எங்களுக்கு உண்டாகவில்லை. ஆனால் திரும்பும்போது, எங்கள் இரண்டு சேலைகளோடு பாட்டியின் சேலை ஒன்றும் உடன் வந்தது. குழந்தை அதன் மேல்தான் உறங்கினான். அது எந்தப் பையில் இருந்தது என்பதை இருவரும் அறிந்திருந்தோம்.