விரல் நுனியில் ஒரு முடிவு

ஸ்டியரிங்குக்குப் பின்னே இரு சிறு தகடுகள். வலது கியரை ஏற்றும், இடது இறக்கும். 1989இல் பிரேசில் பந்தயத்தில் நைஜல் மான்செல் வென்ற ஃபெராரி 640 அறிமுகப்படுத்திய ஏற்பாடு இது. இன்று தானியங்கி ஸ்போர்ட்ஸ் கார்களில் நமக்கும் வாய்த்திருக்கிறது. முடுக்கும்போது தட்டி மகிழலாம்தான். எனினும் இடது தகட்டின் அருமையையே மலைச்சாலைகள் நமக்குக் கற்றுத்தருகின்றன. வளைவுக்கு முன், கார் நேராகச் செல்கையிலேயே, பிரேக்கை அழுத்தியபடி ஒவ்வொரு கியராக இறக்கிவிட வேண்டும். வளைவின் நடுவே இறக்கினால், திரும்புவதற்கே தேவைப்படும் டயரின் பிடியில் எஞ்சினின் இழுப்பும் பங்கு கேட்கும், சக்கரம் வழுக்கலாம். நீண்ட இறக்கத்தில் தாழ்ந்த கியர் வேகத்தைப் பிடித்துவைக்கும். பிரேக் சூடேறிச் சோராது. எஞ்சின் தாங்காத கியரைக் கணினி மறுத்துவிடும். அடுத்த திருப்பத்தில் கிடக்கும் மணலையும் ஈரத்தையும் கண்டு முன்னதாகவே முடிவெடுப்பது நம் பொறுப்பு.