பிள்ளைத்தாய்ச்சிக்கு எதை வாங்க, எதை விட?

எங்கள் அக்கா மகள் திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள். மாப்பிள்ளைக்கு ரிக் வண்டியில் வேலை. வருஷத்தில் முக்கால்வாசி நாள் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று போர்வெல் போடப் போய்விடுவார். பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும், பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்ற ஏக்கத்தில், "உனக்கும் குழந்தைக்கும் என்ன வேணுமோ வாங்கிக்க, காசைப் பத்தி யோசிக்காதே" என்று போனில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான்! கட்டுச்சோறு விருந்து முடிந்து சேந்தமங்கலத்துக்குத் தாய் வீடு வந்தபோது அவள் கையில் முப்பத்து நான்கு சாமான்கள் கொண்ட ஒரு பட்டியல் இருந்தது. மொத்தம் இருபத்து மூவாயிரம் ரூபாய்!

"சின்னம்மா, நீங்க மூணு பெத்து வளர்த்தவங்க. இதுல ஏதாச்சும் விட்டுப் போச்சான்னு பாருங்க" என்றாள்.

"விட்டுப் போனது ஒண்ணுமில்லை கண்ணு. விட வேண்டியதுதான் நிறைய இருக்குது" என்றேன்.

சகோதரிகளே, அன்று நாங்கள் இருவரும் திண்ணையில் உட்கார்ந்து அடித்ததும் சேர்த்ததும்தான் இந்தக் கட்டுரை. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருந்தால் உதவும்.

காசில்லாமல் கிடைப்பவை

கடைக்குப் போகும் முன், சும்மா கிடைப்பது என்னவென்று பார்க்க வேண்டாமா? நாள் தள்ளிப் போனது தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து 'பிக்மி' எண் வாங்கிவிடுங்கள். பிறகு குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் இந்த எண்தான் வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி உண்டு. யாருக்கு, எந்த மாதத்தில் என்ற விவரம் செவிலியரிடமே கேட்கலாம். அங்கன்வாடியில் சத்துமாவு தருகிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகளுக்கு 16 பொருள்கள் அடங்கிய பரிசுப் பெட்டகம் தரும் திட்டம் 2015-ல் தொடங்கியது. துண்டு, சட்டை, கொசுவலை, எண்ணெய், சோப்பு, நகவெட்டி எல்லாம் அதில் இருந்தன. உங்கள் ஆஸ்பத்திரியில் என்ன தருகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால், அதே சாமானை இரண்டாம் தரம் வாங்க வேண்டியதில்லை.

இரும்புச் சத்து மாத்திரையும் இலவசம்தான். நாலாம் மாதத்திலிருந்து தினம் ஒன்று வீதம் 180 நாள். "வாங்கி வச்சிருக்கேன் சின்னம்மா, குமட்டுதுன்னு போடறதில்லை" என்றாள் எங்கள் பெண். இது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் குமட்டல் குறையும். டீ, காபி, பாலோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்தால் நன்றாக ஒட்டும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை வேறு வேளையில் போட வேண்டும். மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம்.

நம்மூர்ச் சரக்கு இரண்டு

பட்டியலில் 'கர்ப்பிணிகளுக்கான புரோட்டீன் பவுடர்' மூன்று டின் இருந்தது. நாமக்கல் ஜில்லாவில் இருந்துகொண்டு புரோட்டீனை டின்னில் வாங்கலாமா? ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம். ஊர் ஊராகச் சத்துணவுக்கு லாரியில் போகிற முட்டை, நம் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சியின் தட்டுக்கு வர வேண்டாமா? தினம் ஒன்று, நன்றாக வேக வைத்தது. அரைவேக்காடும் பச்சை முட்டையும் இந்தச் சமயத்தில் கூடாது. முட்டை தொடாதவர்கள் பருப்பு, கொள்ளு, பச்சைப்பயறு, நிலக்கடலை, தயிர் என்று கூட்டிக்கொள்ளலாம். மூன்று டின்னையும் அடித்துவிட்டோம்.

இன்னொரு சரக்கு ஜவ்வரிசி. சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால் ஜவ்வரிசி என்பது மரவள்ளிக் கிழங்கின் மாவு. நூறு கிராமில் ஒரு கிராம் புரதம்கூட இல்லை. வாய்க்குச் சப்பென்று இருக்கும்போது கஞ்சி வைத்துக் குடிக்கலாம், தப்பில்லை. அதையே சத்து என்று நம்பிக் கர்ப்பிணிக்கும், ஆறு மாதம் ஆன குழந்தைக்கும் நாள் தவறாமல் ஊற்றினால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. குழந்தைக்கு ஆறு மாதம் முடிந்ததும் கேழ்வரகுக் கூழ், பருப்பும் நெய்யும் பிசைந்த சோறு, வேக வைத்த முட்டை என்று ஒவ்வொன்றாகப் பழக்குங்கள்.

பிள்ளை பெற்ற பிறகு 'பச்சை உடம்பு' என்று தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பால் கொடுக்கிறவளுக்கு வழக்கத்தைவிடக் கூடுதலாக ஒரு வேளைச் சாப்பாடும், தாகத்துக்குத் தகுந்த தண்ணீரும் அவசியம். பூண்டுக் குழம்பு வையுங்கள், கருவாடும் வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கீரையையும் முட்டையையும் தள்ளிவைக்காதீர்கள்.

அடித்தவையும் சேர்த்தவையும்

பட்டியலில் நாங்கள் அடித்த மற்ற சாமான்களைச் சொல்கிறேன், கேளுங்கள்.

டால்கம் பவுடர்: பறக்கிற தூள் குழந்தையின் மூச்சில் போகும். உலகமெங்கும் பேர் பெற்ற ஜான்சன் கம்பெனியே டால்க் கலந்த குழந்தைப் பவுடரை 2023-ல் நிறுத்திவிட்டது.

கண் மை: சிலவற்றில் ஈயம் கலந்திருக்கிறது. திருஷ்டிக்கு வேண்டுமென்றால் பாதத்தில் ஒரு பொட்டு வையுங்கள். கண்ணுக்குள் வேண்டாம், கை வாய்க்குப் போகும் என்பதால் கையிலும் வேண்டாம்.

கிரைப் வாட்டர், சர்க்கரைத் தண்ணீர், தேன்: ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வேண்டாம். நம்மூர்ச் சித்திரை வெயிலிலும் வேண்டாம். பாலிலேயே போதிய தண்ணீர் இருக்கிறது. தேன் ஒரு வயது வரை ஆகவே ஆகாது. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சொட்டு மருந்து வேறு விஷயம்.

நடை வண்டி: குழந்தையை உட்காரவைத்து உருட்டும் சக்கர வண்டியைச் சொல்கிறேன். படியில் உருண்டு அடிபடும் குழந்தைகள் அதிகம் என்று கனடாவில் 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டார்கள்.

பால் புட்டி மூன்று, பால் பவுடர் டின் ஒன்று: இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

சேர்த்தது கொஞ்சம்தான். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, வெந்நீரில் போட்டு அலசி, வெயிலில் காயவைத்த துண்டுகள் இரண்டு டஜன். முன்பக்கம் திறக்கும் பருத்தி நைட்டி மூன்று. டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று. கொசுவலை. தாய்க்கு நாப்கின் பாக்கெட்டுகள். ஒரு பாலாடை. வெள்ளிச் சங்கு வீட்டில் இருந்தால் அதுவே போதும். ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் ஆதார் நகலும் வைக்க ஒரு பை. கூட்டிப் பார்த்தால் நாலாயிரம் ரூபாய்க்குள் அடங்கிவிட்டது.

டின் வீட்டுக்குள் வந்த கதை

பெண் குழந்தை, இரண்டு கிலோ எண்ணூறு கிராம். மகாலட்சுமி மாதிரி பிறந்தாள். மூன்றாவது வாரம் அக்கா எனக்குப் போன் செய்தாள். "சாயங்காலம் ஆனா ஒரே அழுகை. பால் பத்தலையாட்ட இருக்குதுன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க" என்றாள். நான் போய்ச் சேர்வதற்குள் டின்னும் புட்டியும் வீட்டுக்குள் வந்துவிட்டன. மருந்துக் கடையில், "இதைக் குடுங்க, ராத்திரி நல்லாத் தூங்கும்" என்று சொல்லிக் கொடுத்தார்களாம். கடைப் பெயர் நமக்கெதற்கு?

எங்கள் பெண் சுவரோரம் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். "ஒரு புள்ளைக்குப் பால் குடுக்கக்கூட என்னால முடியலை சின்னம்மா" என்றாள். எனக்கு நெஞ்சு கரைந்துவிட்டது.

"நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போறா?" என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை! ராத்திரியும் பகலும் டயப்பர் கட்டியிருந்தார்கள். டயப்பர் கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பிரயாணத்துக்கும் ராத்திரிக்கும் சௌகரியம்தான். ஆனால் எத்தனை தடவை நனைந்தது என்பதை அது மறைத்துவிடும். "நாளைக் காலையிலே ஆறு மணி வரைக்கும் வேட்டித் துணிதான். டின்னை அலமாரியிலே வை" என்றேன். மறுநாள் காலை எண்ணினோம். ஒன்பது துணி!

ஐந்தாம் நாளுக்குப் பிறகு, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை ஒரு நாளில் ஆறு தடவைக்கு மேல் ஒன்றுக்குப் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம். இரண்டாவது சாட்சி எடை. முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் வரையாவது ஏற வேண்டும். சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப் போனோம். மூன்று கிலோ நூறு! செவிலியர் அம்மா பார்த்துவிட்டு, "பால் இருக்கும்மா. புடிக்கிற விதம்தான் சரியில்லை" என்று குழந்தையின் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டும்படி திருப்பிப் படுக்கவைத்தார். காம்பை மட்டும் சப்பாமல், வாயை அகலத் திறந்து, சுற்றியுள்ள கருவட்டமும் உள்ளே போகும்படி பிடிக்க வேண்டும். அப்போதுதான் பாலும் நன்றாக இறங்கும், காம்பும் புண்ணாகாது.

சாயங்கால அழுகை பிறகும் நிற்கவில்லை, உண்மையைச் சொல்கிறேன். முதல் ஆறு வாரம் வரை அது கூடிக்கொண்டே போய், மூன்று மாதத்தில் தானாகத் தணியும். பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்படித்தான். தோளில் போட்டு உலாத்த வீட்டில் ஆள்தான் வேண்டும், டின் இல்லை.

அந்த ஒரு டின்னில் அப்படி என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். குழந்தை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். புட்டியில் வயிறு நிறைந்தால் மார்பில் உறிஞ்சாது, உறிஞ்சாவிட்டால் ஊறாது, ஊறாவிட்டால் இன்னொரு புட்டி. பத்து நாளில் 'பால் பத்தவில்லை' என்ற சொல் நிஜமாகிவிடும். நானூறு கிராம் டின் ஒரு வாரம்கூட வராது. அப்புறம் மிச்சம் பிடிப்பதற்காக மாவைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுவார்கள். புட்டி சரியாகக் கொதிக்காமல் வயிற்றுப்போக்கு வரும். இதனால்தான் நம் நாட்டில் 1992-லேயே சட்டம் போட்டு, 2003-ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். குழந்தைப் பாலுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. டின்னில் குழந்தைப் படம் கூடாது. விற்கத் தடையில்லை, ஆசை காட்டத்தான் தடை.

நிஜமாகவே பால் போதாத தாய்மாரும் உண்டு. தாய்க்குக் கடும் நோய், குறைமாதக் குழந்தை என்று டாக்டரே பவுடர் பால் எழுதித் தந்தால் மனம் குன்ற வேண்டாம். டின்னில் போட்ட அளவு மாறாமல் கலந்து, கொதிக்கவைத்த பாலாடையில் கொடுங்கள். மில்லுக்கோ தறிக்கோ வேலைக்குப் போகிறவர்கள் பாலைக் கையால் பீய்ச்சிச் சுத்தமான மூடிய பாத்திரத்தில் வைத்துப் போகலாம். வெளியில் வைத்தால் நாலு மணி நேரம் தாங்கும் என்பது குளிர்ந்த அறைக்குச் சொன்ன கணக்கு. நம்மூர் வெயிலுக்குப் பிரிட்ஜில் வைப்பதே நல்லது.

காத்திருக்கக் கூடாத நேரம்

சிலவற்றுக்கு எந்தச் சாமானும் உதவாது, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். கர்ப்பிணிக்குத் தலைவலியோடு கண் மங்கல், முகவீக்கம், வலிப்பு, உதிரப்போக்கு, வயிற்றில் குழந்தையின் அசைவு குறைவது. பிரசவித்தவளுக்கு நாப்கின் நனைந்து நனைந்து மாற்றும்படியான ரத்தப்போக்கு, காய்ச்சல். பச்சைக் குழந்தை பால் குடிக்க மறுப்பது, வேக வேகமாக மூச்சு வாங்குவது, உடம்பு சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாவது. "விடியட்டும் பார்க்கலாம்" என்று ராத்திரியைக் கடத்தாதீர்கள்.

தாய்மார்களைப் பெற்ற தாய்மாருக்கும் மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை. மிச்சமான காசில் முதல் இரண்டு மாதத்துக்குத் துணி துவைக்க, பாத்திரம் தேய்க்க ஓர் ஆளைப் போடுங்கள். அதற்கு வசதியில்லாவிட்டால், பகலில் இரண்டு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு, "நீ போய்த் தூங்கு சாமி" என்று சொல்லுங்கள். பெற்றவளுக்கு இதைவிட உபயோகமான சாமான் எந்தக் கடையிலும் கிடைக்காது.